காணாமற் போனவற்றைத் தேடிய எழுத்தாளர்

திருகோணமலையில் உட்துறைமுக வீதியோரமாக மாலை வேளையில் நடந்து செல்வோர், கரையை அடுத்த வீடுகளின் விறாந்தைகளிலே பிள்ளைகள் புத்தகமும் கையுமாக அமர்ந்திருக்கும் காட்சியைக் காணலாம். எதிரே, குன்றுகள் காவல் நிற்க, துறைமுகம் ஓர் ஏரியைப் போல அலையின்றிக் கிடக்கும். அத்தகைய வீடொன்றில் சில வாரங்களுக்கு முன் ஒரு சிறு வழக்கு நம் முன் வைக்கப்பட்டது. வழக்கின் வாதி தந்தை. பிரதிவாதி உயர்தர வகுப்பிற் படிக்கும் மகன். சான்றுப் பொருள், தலையணை உறையினுள்ளிருந்து கைப்பற்றப்பட்ட ஒரு மர்ம நாவல். அதன் பெயர் 'கொலையுதிர் காலம்'.

"நீங்களே சொல்லுங்கோ ஐயா. வாற வருஷம் சோதினை. பொடியன் சாமம் மட்டும் முழிச்சிருந்து கொலைக் கதை படிக்கிறான். இதாலை என்ன பிரயோசனம்?" என்றார் தந்தை.

"ஃபோனைத் தடவிக்கொண்டிருக்கிறதிலும் இது மேல்தானே" என்று குசினியிலிருந்து தாயாரின் குரல் வந்தது.

பிரதிவாதி தன் தரப்பில் ஒன்றே ஒன்று சொன்னான்: "இன்னும் முப்பது பக்கந்தான் அப்பா."

நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. பையனிடம் ஒரு கேள்வி மாத்திரம் கேட்டோம். "தம்பி, இந்தக் கதையை எழுதியவர் என்னென்ன படித்தார் என்று உனக்குத் தெரியுமா?" அவனுக்குத் தெரியவில்லை. தந்தையாருக்கும் தெரியவில்லை. அன்று தேநீர் ஆறும்வரை நாம் அவர்களுக்குச் சொன்னதையும், வீடு திரும்பியபின் நினைவுக்கு வந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

மர்மக் கதையின் மீது வீட்டுப் பெரியவர்களுக்குள்ள ஐயம் புதிதன்று. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்தது. அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்தார்கள். இவற்றையெல்லாம் பாட்டன்மார் 'பொழுதைக் கெடுக்கும் புத்தகம்' என்று பறித்து வைத்ததும், பிறகு விளக்கடியில் தாமே இரகசியமாகப் படித்ததும் பல குடும்பங்களில் நடந்த கதை. தேவனின் துப்பறியும் சாம்புவை மட்டும் யாரும் பறித்ததாக நாம் கேள்விப்படவில்லை. சிரிப்பு மூட்டும் துப்பறிவாளனுக்கு வீட்டினுள் எப்பொழுதும் அனுமதி உண்டு.

ஆனால் நம் வழக்கிலுள்ள நூலின் ஆசிரியர் வேறு வகையினர். சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் 1935-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி சென்னைத் திருவல்லிக்கேணியிற் பிறந்து, ஸ்ரீரங்கத்திலே பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர். தொழிலால் மின்னணுப் பொறியியலாளர். 'சுஜாதா' என்பது அவருடைய மனைவியாரின் பெயர். 1968-இல் குமுதம் இதழில் 'நைலான் கயிறு' வெளிவந்தபோது வழக்கறிஞர் கணேஷ் தமிழ் வாசகருக்கு அறிமுகமானான். பின்னர் வசந்த் வந்து சேர்ந்தான். இந்த இருவரையும் அறிந்த வாசகர் பல்லாயிரவர். ஆயின் அதே காலத்தில் அதே மனிதர் வேறொரு மூலையில் இருந்து வேறொரு பணியைச் செய்துகொண்டிருந்தார் என்பதை அறிந்தோர் அவ்வளவு பேர் இல்லை.

1965-இல் கி. கஸ்தூரிரங்கன் டில்லியிலிருந்து 'கணையாழி' என்ற சிறு சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் கடைசிப் பக்கத்தைச் சுஜாதா எழுதினார். தொடக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ். ஆர். என்ற பெயரிலே. இடையிடையே நின்றும் தொடர்ந்தும் 1998 வரை அந்தப் பக்கம் நீடித்தது. பிற்காலத்தில் ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' என்ற தலைப்பில் அதே வகையான எழுத்து இன்னும் பெருந்தொகையான வாசகரிடம் சென்றது. அந்தப் பக்கங்களில் அவர் என்ன செய்தார்? தாம் அண்மையில் படித்ததைச் சொன்னார். ஆங்கிலத் துப்பறியும் நாவலைச் சொன்ன கையோடு, யாரும் அறியாத ஓர் இளங்கவிஞனின் மெல்லிய தொகுதியைச் சொன்னார். விஞ்ஞானக் கட்டுரைக்குப் பக்கத்தில் ஆழ்வார் பாசுரம். அதற்கும் பக்கத்தில் ஜப்பானியரின் மூன்றடிக் கவிதையாகிய ஹைக்கூ. எதற்கும் தனி நாற்காலி போட்டு உட்காரவைக்கவில்லை. ஒரே திண்ணையில் எல்லோரும் இருந்தார்கள்.

அவர் தமக்குப் பிடித்த தமிழ்ச் சிறுகதைகள் என்று ஒரு பட்டியல் தந்திருக்கின்றார். மர்ம நாவலாசிரியர் ஒருவரின் பட்டியல் என்றவுடன் கொலையும் துப்பாக்கியும் இருக்குமென்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். புதுமைப்பித்தனின் 'மனித யந்திரம்', தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு', கி. ராஜநாராயணனின் 'கதவு', அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்', கிருஷ்ணன் நம்பியின் 'மருமகள் வாக்கு', ஆ. மாதவனின் 'நாயனம்', வண்ணநிலவனின் 'எஸ்தர்' என்பன அதில் உள்ளவற்றுட் சில. இவற்றுள் துப்பறிவோன் ஒருவனும் இல்லை.

ஆயினும் இந்தக் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது நமக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. 'கதவு' என்ன கதை? வரிப் பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக் கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவிலேறி ஆடி விளையாடிய பிள்ளைகள் அதைத் தேடுகிறார்கள். கதவில்லாத வீட்டினுள் குளிர் புகுகின்றது. 'புலிக்கலைஞன்' எதைப் பற்றியது? படக் கம்பெனிக்கு வேலை தேடி வந்து, புலி வேஷத்தில் ஆடிக் காட்டி எல்லோரையும் நடுங்கவைத்த ஒரு மனிதன், அவனுக்கென ஒரு வாய்ப்பு அமையும் வேளையில் எங்கே போனான் என்றே தெரியவில்லை. 'மனித யந்திர'த்திலே கடைக் கணக்கர் ஒருவர் கல்லாப் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடப் பார்க்கின்றார். 'சிலிர்ப்பு' ஒரு ரெயில் பயணக் கதை. வீட்டு வேலைக்கென்று தொலைதூரத்துக்கு அனுப்பப்படும் ஒரு சிறுமியின் குழந்தைப் பருவமே அதிலே காணாமற் போயிருக்கிறது. 'எஸ்தர்' பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு குடும்பத்தின் கதை. நடக்க இயலாத கிழவி ஒருத்தி அந்த வீட்டில் இருக்கின்றாள். புறப்படுவதற்கு முன் அவள் இறக்கின்றாள். எப்படி இறந்தாள் என்பதை ஆசிரியர் சொல்லாமற் சொல்கின்றார். எந்தத் துப்பறியும் நாவலிலும் அவ்வளவு பயங்கரமான இரவை நாம் படித்ததில்லை.

காணாமற் போன ஒரு பொருள். மறைந்த ஒரு மனிதன். களவு போன பணம். ஐயத்துக்குரிய ஒரு மரணம். மர்மக் கதாசிரியர் தம் தொழிலை மறந்து இக்கதைகளை விரும்பவில்லை. தொழிற் கண்ணோடுதான் விரும்பினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. தாம் நூற்றைம்பது பக்கத்திலே கயிறும் கத்தியும் வைத்துச் செய்வதை, இவர்கள் ஒரு கதவை வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பக்கத்திலே செய்துவிட்டார்களே என்ற வியப்பு அவருக்கு இருந்திருக்க வேண்டும். இது நம் ஊகமே. 'நாயனம்' இந்த ஊகத்துக்குள் அடங்க மறுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். அது வாசிக்கத் தெரியாத நாயனக்காரன் ஒருவன் சாவு ஊர்வலத்தில் வந்து அகப்பட்டுக்கொள்ளும் கதை. களவு போனது சுருதி என்று வேண்டுமானால் வேடிக்கையாகச் சொல்லலாம்.

'மருமகள் வாக்கு' மாமியாரின் ஆணையைத் தலைமேற் கொண்டு வாக்குச் சாவடிக்குப் போகும் ஒரு மருமகளைப் பற்றியது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணிக்குத் தலைமை தாங்கியவர். இயந்திரத்தைச் செய்தவருக்கு, வாக்களிக்க வரும் பெண்ணின் மனத்துக்குள் என்ன நடக்கின்றது என்பதைச் சொன்ன கதை பிடித்திருந்தது என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

இவ்வளவும் சொன்னபோது தந்தையார் குறுக்கிட்டார். "கதைதானே ஐயா எல்லாம்? பாடத்துக்கு உதவிற மாதிரி ஏதும் படிச்சவரோ?" என்றார். நியாயமான கேள்வி.

உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் சங்கப் பாடலைக் கண்டால் முகம் வாடுவதை நாம் கண்டிருக்கின்றோம். சுஜாதா குறுந்தொகைக்கு எளிய அறிமுகமாக ஒரு நூல் எழுதினார். '401 காதல் கவிதைகள்' என்று அதற்குப் பெயரிட்டார். புறநானூற்றுக்கு ஓர் எளிய அறிமுகம், சிலப்பதிகாரத்துக்கு ஓர் எளிய அறிமுகம், ஆழ்வார்களுக்கு ஓர் எளிய அறிமுகம், திருக்குறளுக்குப் புதிய உரை. பண்டிதர்களுக்கு இவற்றில் குறை காண இடமுண்டு, கண்டும் இருக்கிறார்கள். பதவுரையும் இலக்கணக் குறிப்பும் தேடுவோர் உ. வே. சாமிநாதையரிடந்தான் போக வேண்டும். ஆனால் வாயிலிலேயே நின்று தயங்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவதற்கு இவை போதும்.

மர்மக் கதை விரும்பும் பையனுக்குச் சங்க இலக்கியத்தில் என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். நிறைய இருக்கின்றது. குறுந்தொகைப் புலவர்கள் சிலருடைய இயற்பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. செம்புலப்பெயனீரார் என்ற பெயர் அவருடைய தாயார் இட்ட பெயரன்று. பாடலில் வரும் சொற்றொடரையே புலவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டாகத் தமிழர் நெஞ்சில் நிற்கும் ஒரு காதற் பாட்டை எழுதிய ஆள் யார் என்று கண்டுபிடிக்க எந்தக் கணேஷாலும் வசந்தாலும் இயலாது. புறநானூற்றிலே 267-ஆம் பாட்டும் 268-ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. சாமிநாதையர் 1894-இல் அந்நூலை அச்சிட்டதற்கு முன் எத்தனை ஊர் அலைந்து, எத்தனை வீட்டுப் பரணில் ஏட்டுக் கட்டுகளைத் தேடினார் என்பதை அவர் எழுதியவற்றிற் படித்தால், அவரையே தமிழின் தலைசிறந்த துப்பறிவாளர் எனலாம். அவரைப் போலவே ஏடு தேடிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றிய நம் நாட்டவர்.

சிலப்பதிகாரத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அது ஒரு களவு வழக்கு. அரசியின் சிலம்பு காணாமற் போகின்றது. உண்மைக் கள்வன் பொற்கொல்லன். அவன் பழியை அயலூரான் ஒருவன் மீது சுமத்துகிறான். விசாரணை இல்லை, கொலைத் தண்டனை உடனே நிறைவேறுகிறது. பிறகு அந்த அயலூரானின் மனைவி அரசவைக்கு வந்து சான்றை முன்வைக்கிறாள். அரசியின் சிலம்பினுள் பரல் முத்து. தன் சிலம்பினுள் பரல் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஒரு தடயத்தை வைத்து முழு வழக்கையும் தலைகீழாக்கும் அந்தக் காட்சியை மர்மக் கதாசிரியர் ஒருவர் விரும்பாமல் வேறு யார் விரும்புவார்?

இவ்வாறு துப்பறியும் கதையிலிருந்து பழம் பெருங் காவியத்துக்குப் போனவர் சுஜாதா மட்டுமல்லர். இங்கிலாந்தில் டோரதி சேயர்ஸ் என்ற அம்மையார் லார்ட் பீட்டர் விம்ஸி என்னும் துப்பறிவாளனைப் படைத்துப் பெரும் புகழ் பெற்றவர். பிற்காலத்தில் அதை விட்டுவிட்டு, இத்தாலிய மகாகவி தாந்தேயின் பெருங் காவியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க அமர்ந்தார். முதற் பாகம் 1949-இலும் இரண்டாம் பாகம் 1955-இலும் வெளிவந்தன. மூன்றாம் பாகம் முடிவதற்குள் 1957-இல் காலமானார். பார்பரா ரெய்னால்ட்ஸ் என்ற அம்மையார் அதை நிறைவு செய்து 1962-இல் வெளியிட்டார்.

இனி, நம் பையன் அறிய வேண்டிய வேறொரு கதையும் உண்டு. சுஜாதாவின் சிறுகதைகளுள் ஒன்றுக்கு 'ஒரு லட்சம் புத்தகங்கள்' என்று பெயர். அந்தப் பெயரின் பின்னே நிற்பது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி இரவிலும் அதனை அடுத்தும் அந்நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும், மீண்டும் கிடைக்காத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அதைப் பற்றிக் கட்டுரை எழுதியோரும் கவிதை எழுதியோரும் பலர். கணேஷையும் வசந்தையும் படைத்து இலட்சக்கணக்கான வாசகரை இரவில் விழிக்கவைத்த ஒருவர், அந்தப் புத்தகங்களுக்காக ஒரு கதை எழுதினார். அதிலே குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளன் வரவில்லை. சபையிலே உண்மையைப் பேச வேண்டிய ஒரு கல்விமானின் நாவை எது கட்டிப் போடுகின்றது என்பதே அங்கு கேள்வி.

நாம் இதைச் சொன்னபோது விறாந்தையிற் சற்று நேரம் யாரும் பேசவில்லை. தந்தையார் துறைமுகத்தின் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைமுறையில் புத்தகத்தை இழக்காத வீடு ஒன்றும் இல்லை. பெட்டியில் எதைக் கட்டுவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று வரும்பொழுது புத்தகந்தான் முதலில் விடப்படும். "எங்கடை அப்பாவிட்டையும் ஒரு அலுமாரி நிறைய இருந்தது" என்று மட்டும் அவர் சொன்னார்.

பையன்தான் அமைதியைக் கலைத்தான். "சுஜாதா எங்கடை ஊருக்கு வந்து ஒரு லிஸ்ட் போட்டால் எதை எதைப் போடுவார்?" என்றான். நாம் எதிர்பாராத கேள்வி. அதற்கு விடையாக, அவருடைய கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு, இத்துறைமுகத்தைச் சேர்ந்த நூல்களைச் சற்றே பார்த்தோம்.

எதிர்க்கரையில் தெரிவது மூதூர், கொட்டியாரக்குடா. 1660-இல், பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் அங்கே செப்பனிட வந்து நின்றது. கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபேட் நொக்ஸையும் வேறு சிலரையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே இருந்து, 1679-இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்து, 1681-இல் இலண்டனிலே தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டான். நாட்டு மக்களின் உணவு, உடை, பயிர்ச்செய்கை, அரசனின் கொடுமை எல்லாம் அதில் உள்ளன. ரொபின்சன் குரூசோவைப் படைத்த டானியல் டீபோ, 1720-இல் எழுதிய வேறொரு நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்திருக்கின்றார். காணாமற் போன ஒருவன், தன்னைத் தானே கண்டெடுத்துக்கொண்டு திரும்பிய கதை அது.

நகரின் பழைய ஆங்கிலேயர் இடுகாட்டில் சார்ல்ஸ் ஆஸ்டின் என்ற கடற்படைத் தளபதி அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். 1852-இல் பர்மாவிலே ஐராவதி நதியில், வாந்திபேதி கண்டு இறந்தவர். இவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. தமக்கையார் எழுதிய நாவல்களில் வரும் கடற்படை இளைஞர்களின் பேச்சிலும் நடையிலும் இவருடைய சாயல் உண்டு என்பர். மாப்பிள்ளை தேடும் வீடுகளின் கதை என்று ஜேன் ஆஸ்டினை ஒதுக்குவோர் உண்டு. யார் யாரை விரும்புகிறார், யார் பொய் சொல்கிறார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைப்பதில் எந்த மர்மக் கதைக்கும் அவை குறைந்தவையல்ல. அவர் எழுதிய கடிதங்களுட் பலவற்றை மூத்த சகோதரி கசாண்ட்ரா எரித்துவிட்டார். அவற்றில் என்ன இருந்தது என்று ஆங்கிலேயர் இன்னும் துப்பறிந்துகொண்டிருக்கிறார்கள்.

விஞ்ஞானக் கதை வேண்டுமா? 1956-இல் இலங்கைக்கு வந்து குடியேறிய ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட பழைய கோயிலின் செதுக்கிய கற்களை நீரடியிலே கண்டார்கள். அந்த அனுபவம் 1957-இல் வெளியான கிளார்க்கின் நூலில் இடம்பெற்றது. விண்வெளியைப் பற்றி எழுதியவர் நம் ஊரில் கடலின் அடியைத் தேடினார். தமிழிலே விஞ்ஞானக் கதையைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டு சென்ற சுஜாதாவோ, 'என் இனிய இயந்திரா'வை ஒரு பெண்ணின் கணவன் காணாமற் போவதிலே தொடங்கி, புத்தகம் படிக்கும் ஓர் இயந்திர நாயை அவளுக்குத் துணையாக்கினார். சுஜாதா 2008-ஆம் ஆண்டு பெப்ரவரி 27-இல் காலமானார். மார்ச் 19-இல் கொழும்பிலே கிளார்க் காலமானார்.

நம்மவர் எழுதியவை? இங்கேதான் நமக்குச் சற்று வெட்கம். ஈழத்தின் ஆரம்பத் தமிழ் நாவல்களுள் இரண்டு திருகோணமலையாருடையவை. 1891-இல் எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். ஐரோப்பாவிலே பழங்காலத்திலிருந்து வழங்கிய இரட்டைச் சகோதரர் கதை அது. ஒரு குழந்தை காட்டிலே தவறிப்போய்க் கரடியிடம் வளர, மற்றது அரண்மனையில் வளர்கிறது. 1895-இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி'யைச் சென்னையில் வெளியிட்டார். 17-ஆம் நூற்றாண்டுத் தஞ்சை, மதுரை நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட இதனையே தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். கல்கியின் 'பார்த்திபன் கனவு' வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் ஓலைச்சுவடிகளுக்கு நூலகராக இருந்தவர். 'தத்தைவிடு தூது' என்ற நூலிலே பெண்ணின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர். தமிழறிஞர் த. கனகசுந்தரம்பிள்ளை இவருடைய தமையனார். பொது அறிவு வினாவிடைக்காக இந்தப் பெயர்களை மனனம் செய்த மாணவர் நம் ஊரில் ஏராளம். நாவலைத் திறந்து படித்தவர் எத்தனை பேர் என்று அந்த விறாந்தையிலே கேட்டோம். தந்தையார் தலையை ஆட்டினார். உண்மையைச் சொன்னால், நாமும் முதற்பாகத்திலே இருமுறை நின்று, மூன்றாம் முறைதான் முடித்தோம். வடசொற்கள் நிறைந்த பழைய நடை, வருணனை நீளம். ஆனால் சம்பாஷணை தொடங்கியதும் ஓட்டம் பிடிக்கின்றது.

அடுத்த காலத்துக்கு ந. பாலேஸ்வரியைச் சொல்ல வேண்டும். 1970-களில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு இறக்குமதிக் கட்டுப்பாட்டாற் குறைந்தபோது, வீரகேசரி நிறுவனம் நம் நாட்டு எழுத்தாளரின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. திருகோணமலைப் பெண்மணியாகிய இவருடைய 'பூஜைக்கு வந்த மலர்' அந்த வரிசையில் வந்தது. குடும்ப நாவல். தாயார் உடனே குசினியிலிருந்து வெளியே வந்து, "அதை நான் படிச்சிருக்கிறன். பள்ளிக்கூடத்திலை கைமாறி வந்தது. ஒரு இரவிலை முடிக்க வேணும், காலமை மற்றவவுக்குக் குடுக்க வேணும்" என்றார். தலையணை உறையின் பரம்பரை யாரிடமிருந்து வந்தது என்பது அப்பொழுது வெளிப்பட்டது.

இந்நூல்கள் எங்கே கிடைக்கும் என்று பையன் கேட்டான். 2005-ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவிலே திரட்டி வரும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைப் பற்றிச் சொன்னோம். எரிந்தது போக எஞ்சியவற்றை, ஒவ்வொரு வீட்டு அலுமாரியாகத் தேடிப் படம்பிடித்து வைக்கும் முயற்சி அது. எந்தப் புத்தகம் அதில் அகப்படும், எது அகப்படாது என்று தேடிப் பார்ப்பதே ஒரு நல்ல துப்பறியும் வேலை. தந்தையார் தம் பையிலிருந்த ஃபோனை எடுத்து மகனிடம் நீட்டினார். "இதிலை தேடலாமோ?" என்றார். அன்று மாலை அந்த வீட்டில் நடந்தவற்றுள் இதுவே பெரிய செய்தி.

கைப்பற்றப்பட்ட நாவல் இன்னும் மேசை மீதே இருந்தது. அதிலே பேய் செய்ததா, விஞ்ஞானம் செய்ததா என்ற வழக்கு அந்த முப்பது பக்கங்களிலேதான் இருக்கின்றது என்பதை நாம் அறிவோம். ஆகையால் எதையும் வெளிவிடாமல் எழுந்தோம். படலை வரைக்கும் பையன் கூட வந்தான். துறைமுகத்திலே விளக்குகள் ஏற்றப்பட்டுவிட்டன.

"ஐயா, புறநானூற்றிலை அந்த 267-ஆம் பாட்டு, ஒருத்தரிட்டையும் இல்லையோ? ஒரு பழைய வீட்டிலையும் இல்லையோ?"

இதுவரை கிடைக்கவில்லை என்றோம்.